வீட்டிலேயே வெட்டரிவாள் செய்ய எந்த எஃகு ஏற்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னை மட்டை, பனங்கருக்கு, சீமைக்கருவேலக் கிளை, முற்றிய மூங்கில் ஆகியவற்றை வெட்டுவதற்கு ஏறத்தாழ 35 முதல் 40 செ.மீ. நீள அலகுள்ள கனத்த அரிவாள் ஒன்றைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே உள்ளன. வடிவம், கைப்பிடி ஆகியவற்றைப் பற்றித் தனியே பேச நிறைய உண்டு. இங்கே எஃகைத் தேர்ந்தெடுப்பது பற்றியும், தேர்ந்தெடுத்த எஃகு அதன் தோய்ச்சலை (காய்ச்சிய அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்தி இறுக்குவதை) எப்படித் தீர்மானிக்கிறது என்பது பற்றியும் மட்டுமே எழுதுகிறேன்.

சமையல் கத்திக்கு உகந்த எஃகு அரிவாளுக்கு ஏன் ஆகாது?

இரண்டும் செய்யும் வேலை வேறு. காய் நறுக்கும் கத்தியின் வாயில் விழும் பளு மிகச் சிறியது. அங்கே கூர்மை நெடுநாள் நிற்பதே வேண்டியது. அரிவாளோ ஒவ்வொரு வீச்சிலும் தன் முழு எடையோடு மரத்தில் மோதுகிறது, கணுவில் சிக்கிக்கொள்கிறது, அதை விடுவிக்க நாம் பக்கவாட்டில் முறுக்கும் முறுக்கையும் தாங்குகிறது. ஆகவே எஃகின் இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய் மழுங்காமலும் மடங்காமலும் நிற்கும் குணம் கடினத்தன்மை. அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, பொக்கை விழாமலும் முறியாமலும் நிற்கும் குணம் கட்டுறுதி. ஒரே எஃகில் முன்னதைக் கூட்டினால் பின்னது பெரும்பாலும் குறையும்.

சமையல் கத்திகள், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமாக இருக்கலாம். வெட்டரிவாளுக்கு 54 முதல் 57 வரை இருந்தாலே போதும். புதர் வெட்டும் மெல்லிய அலகுகள் 50க்கும் கீழே இருப்பதுண்டு. மழுங்கிய வாயை அரமும் சாணைக் கல்லும் கொண்டு பத்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். வீசும்போது முறிந்து பறக்கும் துண்டு யார் மேல் படும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் அரிவாளுக்கு எஃகு தேடும்போது கட்டுறுதியை முதலிலும் கடினத்தை இரண்டாவதாகவும் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கரிம (கார்பன்) அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

நூற்றுக்கு 0.5 முதல் 0.7 வரை.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. எஃகைச் செஞ்சூட்டுக்கு மேல் காய்ச்சும்போது இரும்பின் படிக அடுக்கு மாறி, கரிமத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அந்நிலையில் சட்டென்று குளிர்வித்தால் கரிமம் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட்டு என்னும் கடினமான அமைப்பு உருவாகிறது. கரிமம் 0.3க்கும் கீழே இருந்தால் சிக்கிக்கொள்ள அங்கே போதிய கரிமமே இல்லை. எவ்வளவு தோய்த்தாலும் நல்ல வாய் பிறக்காது. 0.6ஐத் தாண்டிய பிறகோ கரிமத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் கடினம் சிறிது சிறிதாகத்தான் உயர்கிறது. நொறுங்கும் குணம் வேகமாக வளர்கிறது. 0.8க்கும் மேல் மிஞ்சும் கரிமம் கார்பைடு துணுக்குகளாகத் தங்கித் தேய்மானத்தைத் தடுக்கும். அது சவரக் கத்திக்கும் அரத்துக்கும் உதவும் குணம்.

நம் நாட்டின் பழைய உருக்கு எஃகில் 1.5 விழுக்காட்டை ஒட்டிய கரிமம் இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருப்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த எஃகைப் பதப்படுத்துவது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தனிக்கலை. முதல் அரிவாளுக்கு அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

எல்லாக் கொல்லர்களும் லாரிப் பட்டாவைத்தானே (வண்டியின் அடியில் உள்ள ஸ்பிரிங் தகடு) எடுக்கிறார்கள்? அது உண்மையிலேயே நல்லதா?

நல்லது. வண்டியின் பளுவைத் தாங்கி, பள்ளத்திலும் மேட்டிலும் வளைந்து வளைந்து நிமிரும் பொருள் அது. அதற்கென்று எடுக்கப்படும் எஃகில் நாம் தேடும் கரிம அளவும் கட்டுறுதியும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. அமெரிக்கத் தரநிலையில் 5160, ஜப்பானியத் தரநிலையில் எஸ்யூபி 9, நம் நாட்டுக் கடைகளில் ஈஎன் 45, ஈஎன் 47 என்று பெயர்கள் வேறுபட்டாலும், இவற்றில் கரிமம் ஏறத்தாழ 0.45 முதல் 0.65 வரை இருக்கும். கூடவே மாங்கனீசும், குரோமியம் அல்லது சிலிக்கனும் சேர்ந்திருக்கும். இவை எண்ணெயில் தோய்த்தாலே இறுகுபவை. வீட்டு உலையில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய உதவி, ஏனெனில் தண்ணீரில் தோய்க்கும் கட்டாயம் இல்லாதபோது அலகு வெடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

நேபாளத்தில் குக்ரி என்னும் வளைந்த கத்தியைச் செய்யும் காமி சமூகத்துக் கொல்லர்களும் லாரிப் பட்டாவைத்தான் நாடுகிறார்கள். பிலிப்பைன்சின் போலோ அரிவாளுக்கும் அதுவே மூலப்பொருள். ஒருவரை ஒருவர் பார்த்திராத கொல்லர்கள் ஒரே பொருளிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதையே அதன் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

பழைய பட்டாவில் இரண்டு குறைகள் உண்டு. அது எந்தத் தரம் என்பது நமக்குத் தெரியாது என்பது ஒன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் களைத்த உலோகம் அது, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அதில் ஒளிந்திருக்கலாம் என்பது மற்றொன்று.

பழைய பட்டாவில் விரிசல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் இரண்டாவது அரிவாளை இப்படி ஒரு பட்டாவில்தான் செய்தேன். மூன்று நாள் அடித்து, ராவி, வடிவம் கொண்டுவந்த பிறகு தோய்ச்சலில் எண்ணெய்க்குள் இறக்கியபோது சிறிதாக ஒரு சத்தம் கேட்டது. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகை நோக்கி ஒரு மயிரிழைக் கோடு ஓடியிருந்தது. அந்த விரிசல் பட்டாவிலேயே இருந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் மூன்று நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டாவின் துருவையும் பெயிண்டையும் முற்றிலும் நீக்கி, மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்து உலரத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணக்கட்டித் தூளை மெல்லப் பூச வேண்டும். சுத்தியால் இலேசாகத் தட்டினால், விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளின் மேல் கருங்கோடாகத் தெரியும். தொழிற்கூடங்களில் இதே வேலைக்குச் சிவப்புச் சாயத் தெளிப்பான் பயன்படுகிறது. நடு போல்ட் துளையைச் சுற்றிய பகுதியையும், ஒரு தகடு அடுத்த தகட்டின் மேல் உரசித் தேய்ந்த இடத்தையும் சோதனையில் தேறினாலும் ஒதுக்கிவிடுங்கள்; களைப்பு விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

புதிய எஃகு வாங்குவதென்றால் கடையில் என்னவென்று கேட்பது?

என் மனமார்ந்த பரிந்துரை இதுதான்: முடிந்தவரை புதிய எஃகையே வாங்குங்கள். ஓர் அரிவாளுக்குத் தேவையான எஃகின் விலை, அதைச் செய்ய நீங்கள் செலவிடப்போகும் கரிக்கும் நாட்களுக்கும் முன்னால் மிகச் சிறியது. தரம் தெரிந்துவிட்டால் எவ்வளவு சூடு, எந்த எண்ணெய், என்ன பதம் (தோய்த்தபின் மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் குணத்தைக் குறைப்பது) என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. தரம் தெரியாவிட்டால் அடுத்த ஒவ்வொரு படியும் ஊகமே.

கோயம்புத்தூர், சென்னை போன்ற தொழில் நகரங்களில் அலாய் ஸ்டீல் விற்கும் கடைகளில் ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை என்று கேட்டால் புரியும். ஈஎன் 45 என்பதில் சிலிக்கன் 1.5 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். நல்ல கட்டுறுதி உள்ளது, விலையும் குறைவு. ஆனால் உலையில் அதிக நேரம் கிடந்தால் இதன் மேற்பரப்பில் உள்ள கரிமம் எளிதில் எரிந்துபோகும். ஆகவே அடித்து முடித்தபின் மேற்பரப்பை அரை மில்லிமீட்டராவது ராவி எடுத்தால்தான் நல்ல எஃகு வாய்க்கு வரும். ஈஎன் 47 என்பது குரோமியமும் வனேடியமும் சேர்ந்தது. வனேடியம் எஃகின் மணிகள் (உள்ளே உள்ள நுண்படிகங்கள்) பெருத்துவிடாமல் தடுக்கிறது. உலையின் சூட்டைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த இயலாத நமக்கு அது காவல் போன்றது. இரண்டும் கிடைத்தால் ஈஎன் 47ஐ எடுங்கள். 5160 அல்லது எஸ்யூபி 9 கிடைத்தாலும் தயங்க வேண்டியதில்லை. 80சிஆர்வி2 என்பதும் அருமையான எஃகு, கரிமம் 0.8 என்பதால் அதன் பதத்தில் சற்று அதிகக் கவனம் வேண்டும்.

ஈஎன் 8 எங்கும் கிடைக்கும், ஆனால் கரிமம் 0.4தான். சம்மட்டிக்கும் அச்சுத் தண்டுக்கும் போதும். அரிவாள் வாய் சீக்கிரம் மடங்கும். ஈஎன் 9 அதைவிட மேல், 0.5 முதல் 0.6 வரை கரிமம் உள்ளது. வேறு எதுவும் கிடைக்காவிட்டால் அதை எடுக்கலாம்.

வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட்டின் நகலைக் கேட்டு, அதில் உள்ள ஹீட் எண் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) பட்டையில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கட்டடக் கம்பி, எம்.எஸ். (மெல்லிரும்பு) பட்டை, தண்டவாளத் துண்டு ஆகியவற்றில் செய்யலாமா?

எம்.எஸ். பட்டையில் கரிமம் 0.25க்கும் கீழே, அது இறுகாது. கட்டடத்துக்கான டிஎம்டி கம்பியின் மேற்பரப்பு ஆலையிலேயே குளிர்விக்கப்பட்டு இறுகியிருப்பதால் சிலர் ஏமாறுகிறார்கள். அதன் கரிம உச்சவரம்பு பொதுவாக 0.3 விழுக்காடுதான்; உலையில் வைத்ததும் அந்த மேலிறுக்கமும் போய்விடும். தண்டவாள எஃகில் 0.6 முதல் 0.8 வரை கரிமம் உண்டு, அது நன்றாக இறுகும் என்பது உண்மையே. ஆனால் ரயில்வேயின் பொருளை முறையான ஆதாரமின்றி வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய எந்த இரும்பையும் உலையில் வைக்கக் கூடாது. அதிலிருந்து எழும் வெண்புகை கடும் காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.

பழைய அரம், பேரிங் வளையம், பவர் ஹாக்சா பிளேடு?

மூன்றும் சிறு கத்திக்கு நல்லவை, அரிவாளுக்கு ஆகாதவை. அரத்தில் 1.2 விழுக்காட்டை ஒட்டிய கரிமம் இருக்கும், அது நொறுங்கும். மலிவான சில அரங்கள் மேல்தோல் மட்டும் இறுக்கப்பட்ட மெல்லிரும்பாகவும் இருப்பதுண்டு. பேரிங் எஃகான ஈஎன் 31இல் கரிமம் 1 விழுக்காடு, குரோமியம் 1 முதல் 1.6 வரை. ஹாக்சா பிளேடு ஹைஸ்பீடு ஸ்டீல் என்றால், அதை இறுக்க 1,200 பாகை செல்சியசை ஒட்டிய சூடு தேவைப்படும். வீட்டு உலையில் அதைக் காய்ச்சினால் இருக்கும் குணமும் கெடும்.

துரு பிடிக்காத எஃகில் செய்தால் என்ன?

பாத்திரக் கடை எவர்சில்வரான 304 வகை, காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. கத்திக்கென்றே உள்ள 420 போன்ற வகைகள் இறுகும். ஆனால் அவற்றுக்கு 1,000 பாகைக்கு மேலும் துல்லியமான சூடு வேண்டும். தோட்டத்து அரிவாளுக்கு வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுவது அதைவிட எளிது.

கையில் இருக்கும் துண்டு என்ன எஃகு என்றே தெரியவில்லை. வீட்டில் எப்படிச் சோதிப்பது?

முதலில் சாணைச் சக்கரத்தில் பொறி பாருங்கள். மெல்லிரும்பின் பொறிகள் நீண்ட நேர்க்கோடுகளாக ஓடி, ஓரிரு கிளையோடு அணையும். கரிமம் கூடக் கூடப் பொறிகள் சக்கரத்துக்கு அருகிலேயே மத்தாப்புபோல் வெடித்துக் கிளைக்கும். தனியாக ஒரு துண்டின் பொறியைப் பார்த்து முடிவு செய்வது கடினம்; எம்.எஸ். துண்டு, பட்டாத் துண்டு, பழைய அரம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது.

பொறி தருவது குறிப்பு மட்டுமே. உறுதியான விடை தோய்ச்சல் சோதனையில்தான் கிடைக்கும். விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, காந்தம் ஒட்டாமல் போகும் வரை காய்ச்சி, இன்னும் சற்றே நிறம் ஏறியதும் வெதுவெதுப்பான எண்ணெயில் தோயுங்கள். ஆறியபின் புதிய அரத்தால் உரசினால், நன்கு இறுகிய எஃகின் மேல் அரம் கண்ணாடி மேல் வழுக்குவதுபோல் வழுக்கும்; கடித்து இழுத்தால் அது இறுகவில்லை. பிறகு துண்டைப் பிடிக்கருவியில் இறுக்கி, கனத்த துணியால் மூடி, சுத்தியால் அடித்து முறியுங்கள். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுத்துணிபோல் மென்மையாக இருந்தால் மணிகள் சிறியவை, சூடு சரி. சர்க்கரைபோல் மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரே துண்டை இப்படி மூன்று நான்கு சூட்டில் முறித்துப் பார்த்தால், அந்த எஃகுக்கு உங்கள் உலையில் எந்த நிறம் ஏற்றது என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

இதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், வார்ப்பாலைகள் உள்ள ஊர்களில் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கூடங்கள் உண்டு. சிறு துண்டைக் கொடுத்தால் ஒவ்வொரு தனிமத்தின் விழுக்காட்டையும் அச்சிட்டுத் தருவார்கள்.

எவ்வளவு தடிப்பான பட்டை எடுக்க வேண்டும்?

முதுகில் 5 முதல் 6 மி.மீ. போதும். எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். ஆகவே 40 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிப்புள்ள பட்டை 1,130 கிராம் எடையுள்ளது. வாயைச் சரித்து ராவியபின் அதில் ஒரு பகுதி குறையும். அதே பட்டை 10 மி.மீ. என்றால் 1,880 கிராம் ஆகிறது. கால் மணி நேரம் வீசினால் தோள் சொல்லிவிடும். சிறு வண்டிகளின் பட்டா 6 முதல் 8 மி.மீ. இருப்பதால் அதைச் சற்று ராவினாலே போதும். கனரக லாரியின் தடித்த பட்டாவைச் சம்மட்டியால் அடித்து நீட்டியாக வேண்டும். அதற்குத் துணைக்கு ஆள் தேவை.

உலையே இல்லை. காய்ச்சாமல் செய்ய வழி உண்டா?

உண்டு, முதல் அரிவாளை இப்படிச் செய்யத்தான் நான் ஊக்குவிக்கிறேன். பட்டா ஆலையிலிருந்து வரும்போதே ராக்வெல் 42 முதல் 48 வரை பதப்படுத்தப்பட்டிருக்கும். அதிக வளைவில்லாத, சிறு வண்டியின் தகட்டை எடுத்து, சாணைச் சக்கரத்தால் மட்டும் வடிவம் கொண்டுவரலாம். கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும் முன் தண்ணீரில் நனைத்து நனைத்து ராவ வேண்டும். வாய் சற்று மெதுவானது, அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். ஆனால் கட்டுறுதிக்குக் குறைவில்லை.

தோய்ச்சல் தண்ணீரிலா, எண்ணெயிலா? எவ்வளவு சூடு?

மேலே சொன்ன ஸ்பிரிங் எஃகுகள் எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான். எண்ணெயை 50 முதல் 60 பாகை வரை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் அது இளகி, சூட்டை வேகமாக வாங்கும். பழைய இஞ்சின் ஆயிலின் புகை உடலுக்குக் கேடு; கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூட அருகிலேயே தகட்டு மூடி இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

சூடு 830 முதல் 860 பாகை வரை வேண்டும். காந்தம் 770 பாகையிலேயே ஒட்டாமல் போய்விடுவதால், அங்கே நிறுத்திவிட்டால் இறுக்கம் அரைகுறையாகும். சமையல் உப்பு 801 பாகையில் உருகும். அலகின் மேல் தூவிய உப்பு உருகி வழிந்ததும், இன்னும் சற்றுச் சூடேற்றி, இரண்டு மூன்று நிமிடம் அதே நிறத்தில் நிறுத்தித் தோய்த்தால் சரியாக அமையும். தோய்ச்சலுக்கு முன் மும்முறை இதே சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவதைத் தவறவிடாதீர்கள். சம்மட்டி அடியில் பெருத்த மணிகள் அப்போதுதான் சீராகின்றன.

தோய்த்த உடனே பயன்படுத்தலாமா?

கூடாது. அந்நிலையில் கீழே விழுந்தாலே அலகு முறியலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் அடுப்பில் (ஓவனில்) வைத்து 220 முதல் 250 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதப்படுத்த வேண்டும். பட்டறைகளில் மெருகிட்ட பரப்பில் ஓடும் நிறத்தைப் பார்ப்பார்கள்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், நீலம். வைக்கோல் நிறம் முற்றிப் பழுப்பைத் தொடும் இடம் நமக்கு உரியது. நீலம் வரை போனால் இன்னும் உறுதியாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் 260 முதல் 370 பாகை வரையுள்ள இடைவெளியில் பல எஃகுகள் கடினத்தை இழப்பதோடு அதிர்ச்சி தாங்கும் திறனிலும் குறைகின்றன.

வாயை மட்டும் இறுக்கி முதுகை மென்மையாக விடலாமா?

விடலாம், மிக நல்ல முறை அது. குக்ரி செய்கிறவர்கள் செஞ்சூட்டில் உள்ள அலகின் வாயில் மட்டும் கெண்டியிலிருந்து தண்ணீரை ஊற்றி இறுக்குவார்கள். அந்தக் கைப்பழக்கம் நமக்கு இல்லாதபோது, தட்டையான பாத்திரத்தில் மூன்று செ.மீ. ஆழத்துக்கு எண்ணெய் விட்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் அதில் இறக்கிப் பிடிக்கலாம். முதுகின் நிறம் மங்கிக் கருத்தபின் முழுவதையும் அமிழ்த்துங்கள்.

இவ்வளவு நீளமான கத்தியைச் செய்வது சட்டப்படி சரியா?

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பட்டியலில் வைத்தாலும், வீட்டு, வேளாண்மை, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென்று வடிவமைக்கப்பட்டவற்றை விலக்குகின்றன. தோட்டத்து அரிவாள் வேளாண் கருவிதான். எனினும் அதை உறையிட்டு, வேலை செய்யும் இடத்துக்கு மட்டுமே கொண்டு செல்லுங்கள்.

செய்து முடித்தபின் எப்படிச் சோதிப்பது?

கண்ணாடி அணிந்து, வீச்சின் திசையில் எவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, முதலில் பச்சைக் கிளையையும், பிறகு காய்ந்த கருவேலக் கட்டையையும், கடைசியில் கணுவையும் வெட்டுங்கள். ஐம்பது வெட்டுக்குப் பிறகு வாயை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவிப் பாருங்கள். வாய் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் பதம் மிஞ்சிவிட்டது, அல்லது வாய் மிகவும் மெல்லியது. கோணத்தைச் சற்றுக் கூட்டித் தீட்டிப் பாருங்கள். பொக்கை விழுந்திருந்தால் பதம் போதவில்லை. கைப்பிடியைக் கழற்றி, பத்து பாகை கூட்டி மீண்டும் இரண்டு மணி நேரம் அடுப்பில் வையுங்கள். அதன்பிறகும் பொக்கை விழுந்தால் அந்தத் துண்டை முறித்து மணிகளைப் பாருங்கள். சர்க்கரைபோல் இருந்தால் குறை உலையின் சூட்டில் உள்ளது, எஃகில் இல்லை. அதே பட்டையில் இன்னொரு துண்டை எடுத்து மீண்டும் தொடங்கலாம்.